சளி பிடித்த கரடி

தெய்வம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. இது அவள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பால் பாக்கெட் போட வருகிறவருக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் தெய்வம்மாதான். தன்னைப் போலக் காரியத்தைக் கமுக்கமாக முடிக்கிறவள் கோத்தகிரி வட்டாரத்திலேயே கிடையாது என்பது அவளுடைய எண்ணம். அந்தத் தைரியத்தில்தான் ஆறேழு வருடமாகத் தன் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் பெண்களை ஒளித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

புருஷன் கையில் அடி தாங்காமல் கட்டிய துணியோடு ஓடி வந்தவர்கள் அவர்கள். சிலர் நாலைந்து நாள் இருப்பார்கள், சிலர் ஒரு மாதம்கூட. போக்கிடம் ஒன்று அமைந்ததும் விடியற்காலைப் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்விடுவார்கள். போகும்போது தெய்வம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். தெய்வம்மா, சத்தம் போட்டு அழாதே, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று சத்தம் போட்டுச் சொல்வாள்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்காத விஷயம் அந்த லயத்தில் என்று எதுவுமே கிடையாது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்காகக் கட்டிய நீளமான வரிசை வீடு அது. எல்லாருக்கும் ஒரே கூரை, இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கினால் அந்தப் பக்கம் கண்ணில் தண்ணீர் வரும். முன்னால் ஒரு குறுகிய நடைபாதை. ஒரு முனையில் பவுல்ராஜின் மளிகைக் கடை, மறு முனையில் தெய்வம்மாவின் வீடு, அதற்குப் பின்னால் தேயிலையும் சோலைக்காடும்.

பெண்களை அனுப்பி வைப்பது பஜாரில் தையல் கடை வைத்திருக்கும் ஜெயஸ்ரீ. ரவிக்கைக்கு அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் ஜெயஸ்ரீக்குப் பாதி கதை தெரிந்துவிடும். தோளுக்கு மேல் ஏறாத கை, கழுத்துக்குக் கீழே பச்சை பாய்ந்த தோல், டேப் பட்டதும் சுருங்கும் விலா. அப்போதைக்கு ஒன்றும் கேட்க மாட்டாள். மற்றவர்கள் போன பிறகு ஒரு டீ சொல்லிவிட்டுக் கேட்பாள். வழக்குக் கொடுக்க வேண்டியவர்களை வக்கீலிடம் கூட்டிப்போவாள். ஆனால் வழக்கு முடியும்வரை உயிரோடு இருக்க ஓர் இடம் வேண்டுமே. அந்த இடத்துக்குத்தான் தெய்வம்மா.

இரண்டு பேரும் ஒரு ரகசிய ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஜெயஸ்ரீ போன் செய்து, "தெய்வம்மாக்கா, உங்க ரவிக்கை ரெடி, வந்து வாங்கிக்கங்க" என்பாள். அதற்கு அர்த்தம், ஆள் வந்திருக்கிறது என்பது. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தெய்வம்மாவின் போன்தான் எப்போதும் ஸ்பீக்கரில் பேசும், அதை அணைக்க அவளுக்குத் தெரியாது. இருக்கிற இரண்டே ரவிக்கையை மாற்றி மாற்றிப் போடுகிறவளுக்கு மாதம் தவறாமல் ரவிக்கை தைத்து வருவதை லயம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதால் யாருக்கும் எதுவும் தெரியாது என்று தெய்வம்மா முடிவு கட்டியிருந்தாள்.

தெரியக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் ராஜரத்தினம் உயிரோடு இருந்தபோது ஒரு மழைச் சாயங்காலம் விறகுக் கட்டையால் அவளை அடித்தார். இருபத்தைந்து வயது தெய்வம்மா கடைசி வீட்டிலிருந்து ஓடி, நடைபாதையில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போனாள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மட்டும், போய்ச் சமாதானமாகப் பேசித் தீர்த்துக்கொள் என்று குரல் வந்தது. கடை முனைவரை போனவள் நனைந்துகொண்டே திரும்பி அவரிடமே வந்தாள்.

ராஜரத்தினம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அவரைக்கூட அவள் மன்னித்துவிட்டாள், அந்தக் கதவுகளை மன்னிக்கவில்லை. எல்லாரோடும் பேசுவாள், சிரிப்பாள், கல்யாணத்துக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த லயத்தில் எந்த வீட்டுக் கதவையும் அவள் தட்டியது கிடையாது. உப்பு வேண்டுமென்றாலும் நடைபாதையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவர்களாக வெளியே வந்தால் உண்டு, இல்லையென்றால் உப்பில்லாமல் சாப்பிடுவாள்.

கரடி வந்தது இப்படித்தான். சாய்ப்பில் அடுக்கியிருந்த கற்பூர மர விறகின் தூசு ஒத்துக்கொள்ளாமல் முதலில் வந்த பெண்ணுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் நடு வீட்டுச் சின்னம்மை, தெய்வம்மாவைவிட ஐந்தாறு வயது மூத்தவள், முன்னறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு பெரிய தும்மல் வந்தது. அதற்குப் பின்னாலேயே "அம்மா" என்று ஒரு முனகலும் வந்தது.

சின்னம்மை தம்ளரை இறக்கினாள். அந்த வாரம்தான் கரடி ஒன்று மாரியம்மன் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெய் முழுவதையும் நக்கிவிட்டுப் போயிருந்தது. கோத்தகிரிப் பக்கத்துக் கரடிகளுக்கு எண்ணெய் என்றால் உயிர்.

"கரடிங்கக்கா" என்றாள் தெய்வம்மா. "விறகுக்குள்ள வந்து படுத்துக்குது. வயசான கரடி. சளி பிடிச்சிருக்குது. மூணு நாளா ஒண்ணும் சாப்பிடல."

பொய் சொல்லும்போது கேட்காத விவரத்தையெல்லாம் சேர்த்துச் சொல்வது அவள் வழக்கம். சின்னம்மை பின்கதவை ஒரு பார்வை பார்த்தாள், தெய்வம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். மீதித் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"சுக்குத் தட்டிப் போட்டுக் கொஞ்சம் தண்ணி வெச்சுக் குடு புள்ள. கரடிக்கும் சளி நெஞ்சுல கட்டிச்சுன்னா கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அன்று முழுக்கத் தெய்வம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஜெயஸ்ரீயிடம் போய், எங்கள் லயத்து ஆட்களுக்கு மூளை கொஞ்சம் மட்டு, எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

அதிலிருந்து கரடி நிரந்தரமாகிவிட்டது. பாத்திரம் உருண்டால் கரடி. இருமினால் கரடி. ஒரு முறை சாய்ப்பிலிருந்து சினிமாப் பாட்டு ஒன்று மெல்லக் கேட்டது, அதற்கும் கரடி என்றே சொன்னாள். அப்படியா, குரல் நன்றாக இருக்கிறது என்றுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் லயத்து ஆட்கள் கரடிக்குச் சாப்பாடு வைக்க ஆரம்பித்தார்கள். அங்கேயே வயிறு நிறைந்தால் எங்கள் வீட்டுக்கு வராது என்று காரணம் சொன்னார்கள். தெய்வம்மாவின் பின்சுவர் மேல் முதலில் பலாச்சுளை வந்தது. அப்புறம் தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலும், சம்பல் தனியாக வாழையிலையில் கட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. குளிர் ஏறியதும் ஒரு ஸ்வெட்டர். சின்னம்மையின் புருஷன் தங்கவேலு, கரடி காலில் முள் குத்துமே என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நாள் தலைக்கு மாட்டும் கிளிப்புகூட இருந்தது. தெய்வம்மா எல்லாவற்றையும் எடுத்து உள்ளே கொடுத்துவிட்டு, இவ்வளவு பெரிய முட்டாள் கூட்டத்தோடு எப்படிக் காலம் தள்ளுகிறோம் என்று வியந்துகொள்வாள்.

கடையில் பவுல்ராஜோடு ஒரு தனிப் போராட்டம். அறுபதை நெருங்கும் தெய்வம்மா மாதவிடாய்ப் பேடு ஒரு பாக்கெட் கேட்டபோது அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. அவளாகவே, கொழுந்து எடுக்கப் போகும்போது பூட்ஸுக்குள் ஈரம் ஏறுகிறது, உள்ளே வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும், நாலு பேர் அப்படித்தான் செய்கிறார்கள், எஸ்டேட் டாக்டரே சொன்னார் என்று நீட்டிக்கொண்டே போனாள். பவுல்ராஜ் நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நல்ல யோசனை அக்கா என்றார்.

தெய்வம்மாவை உண்மையாகவே பயமுறுத்தியது டக்ளஸ்தான். லயத்தில் பிறந்து வளர்ந்து வனத்துறையில் வாட்சராகச் சேர்ந்த ஆள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு விசாரணைக்கு வந்துவிட்டார். கூண்டு வைப்பார்கள், கேமரா கட்டுவார்கள் என்று அவள் எண்ணிக்கொண்டாள். டக்ளஸ் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கொடியில் சுடிதார் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. சேற்றில் ரப்பர் செருப்புத் தடம் வரிசையாகத் தெரிந்தது. குனிந்து நிதானமாகத் தடத்தை ஆராய்ந்துவிட்டு, சந்தேகமே இல்லை அத்தை, கரடிதான், வலது காலில் கொஞ்சம் தேய்த்து நடக்கிறது, கூண்டெல்லாம் வேண்டாம், அது தானாகப் போய்விடும் என்று சொல்லிக் கிளம்பினார். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவரையே ஏமாற்றியாயிற்று என்று தெய்வம்மா அன்று பாயசம் வைத்தாள்.

இந்துமதி வந்தது போன மழைக்காலத்தில். எமரால்டுப் பக்கம் காரட் தோட்டம் வைத்திருக்கும் வீட்டு மருமகள். புருஷன் வசந்த்குமார் அறைந்ததில் ஒரு காது கேட்காமல் போயிருந்தது. எந்தப் பக்கமிருந்து யார் வருகிறார்கள் என்று தெரியாததால் எப்போதும் சுவரில் முதுகைச் சாய்த்தே உட்காருவாள். இதற்கு முன் இரண்டு தடவை ஓடியிருக்கிறாள், இரண்டு தடவையும் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மூன்றாவது தடவை பிடித்தால் எமரால்டு அணைத் தண்ணீரில்தான் தேட வேண்டியிருக்கும் என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னானாம். ஜெயஸ்ரீ வழக்குக் கொடுக்க வைத்துவிட்டாள், கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலில் வேலையும் பேசிவிட்டாள். திங்கட்கிழமை கிளம்பிவிட்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அவன் வந்துவிட்டான்.

தெய்வம்மா பவுல்ராஜ் கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிக்கப் வண்டி வந்து நின்றது. இறங்கியவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான், கையில் ஒரு பை காரட். மரியாதையாகக் கும்பிட்டான். சம்சாரம் கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், கொஞ்சம் மனசு சரியில்லாதவள், இந்தப் பக்கம் கடைசி வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றான். சொல்லும்போது கண்கூடக் கலங்கியது. பவுல்ராஜ் தராசைத் துடைப்பதிலேயே இருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம் தெய்வம்மாவும். ஆனால் தன்னைவிட்டால் இந்த முட்டாள் ஜனங்களில் யார் சமாளிப்பார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"அது என்ர ஊடுதானுங்க" என்றாள். "அங்க பொம்பளை யாரும் இல்லீங்க. கரடிதான் இருக்குது. காது கேக்காத கரடி. இந்துமதின்னு அங்க யாருமே இல்லீங்க."

"நான் பேரே சொல்லலீங்களே பெரியம்மா" என்றான் வசந்த்குமார்.

தேங்காய் கையிலிருந்து விழுந்து உருண்டது. அவன் இன்னொரு முறை கும்பிட்டுவிட்டு நடைபாதையில் இறங்கி நடக்க ஆரம்பித்தான். அவசரமே இல்லாத நடை. சாய்ப்புக்கு ஒரு கொண்டிதான், பூட்டுகூடக் கிடையாது. உள்ளே அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், கேட்காத காது எந்தப் பக்கம் இருக்கிறதோ. கூப்பிட வாயைத் திறந்தாள், யார் பேரைச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரே ஒரு வாய் உளறலில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தாள். அதே நடைபாதை, வரிசையாக அதே சாத்திய கதவுகள்.

அப்போது பவுல்ராஜ் காலி பிஸ்கட் டின்னை எடுத்து எடைக்கல்லால் ஓங்கித் தட்டினார்.

கரடியோ காட்டெருமையோ லயத்துக்குள் வந்துவிட்டால் முதலில் பார்க்கிறவர் எதையாவது தட்ட வேண்டும். சத்தம் கேட்டவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து தட்ட வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம். சின்னம்மை வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. பிறகு வரிசையாக எல்லாக் கதவுகளும் திறந்தன. எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக மொத்த லயமும் நடைபாதையில் இறங்கியது. தங்கவேலு பாதிச் சவரம் செய்த முகத்தோடு இட்லிப் பானை மூடியைத் தட்டினார். டக்ளஸ் லுங்கியில் இருந்தார், தலையில் மட்டும் அரசாங்கத் தொப்பி.

வசந்த்குமார் நடுவில் நின்றுவிட்டான். எங்கே கரடி என்று கேட்டான். கடைசி வீட்டில் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. கிழட்டுக் கரடி என்றார் ஒருவர், நிறைமாதம் என்றார் இன்னொருவர், நேற்றே குட்டி போட்டாயிற்று என்றார் தங்கவேலு. யாரோ அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இன்னொருத்தி தேத்தண்ணி கொடுத்தாள், சர்க்கரை போதுமா என்று கேட்டாள். அவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். போக வழி இல்லை, தட்டுகள்தான் இருந்தன.

அந்த நேரம் பார்த்துச் சாய்ப்பிலிருந்து ஒரு தும்மல் வந்தது. எல்லாத் தட்டும் நின்றுபோயிற்று.

"அது பொம்பளை தும்மல்" என்றான் வசந்த்குமார். முகத்தில் இருந்த மரியாதை போய்விட்டிருந்தது.

"பொம்பளைக் கரடிதான்" என்றாள் சின்னம்மை.

ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னம்மை தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றாள். அவன் தோள் உயரம்கூட இல்லை அவள்.

"தம்பி, இங்க கரடிதான் இருக்குது. நாளைக்கு வந்து கேட்டாலும் கரடிதான். உங்க ஊட்டுக்காரியத் தேடறதா இருந்தா வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம். நாங்களும் கூட வர்றோம். இத்தனை பேரும் வர்றோம்."

டக்ளஸ் போனை எடுத்து அவன் முகத்தை ஒரு படம், வண்டி நம்பரை ஒரு படம் எடுத்தார். வன விலங்கைத் தொந்தரவு செய்தால் என்ன தண்டனை என்று விளக்க ஆரம்பித்தார், அது முடிகிற மாதிரித் தெரியவில்லை. வசந்த்குமார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான். அவன் வண்டி வளைவு திரும்புகிறவரை மொத்த லயமும் பின்னாலேயே போய்த் தட்டைத் தட்டியது. காரட்டை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைச் சின்னம்மை எடுத்துக் கரடிக்கு அல்வா கிண்டினாள்.

தெய்வம்மா கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். சின்னம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும், எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள்.

"மொதத் தும்மல்லயே தெரியும் புள்ள" என்றாள் சின்னம்மை. "கரடி தும்மிட்டு அம்மான்னா சொல்லும்?"

தெய்வம்மாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை வருடமாக என்னைப் பைத்தியக்காரி ஆக்கியிருக்கிறீர்கள், ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்று சத்தம் போட்டாள். சொன்னால் நீ அந்தப் பெண்களை வேறு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தோம் என்றாள் சின்னம்மை. அந்த மழைச் சாயங்காலத்தைப் பற்றிச் சின்னம்மை வாய் திறக்கவில்லை, தெய்வம்மாவும் கேட்கவில்லை. நடைபாதையில் கதவுகள் இன்னும் திறந்தே கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த தெய்வம்மா அழுதாள். கோபத்தில் அழுவதாக அவளே சொல்லிக்கொண்டாள்.

இந்துமதி திங்கட்கிழமை விடியற்காலை டக்ளஸின் ஜீப்பில் போனாள். லயமே எழுந்து வந்து வழியனுப்பியது. கரடி சுடிதார் போட்டுக்கொண்டு எல்லாரையும் கும்பிட்டுவிட்டுப் போயிற்று.

அதன் பிறகும் தெய்வம்மா ஒரு வாரம் முறைத்துக்கொண்டே திரிந்தாள். தன் சாமர்த்தியமெல்லாம் ஊர் சிரிக்கிற சாமர்த்தியம் என்று தெரிந்துகொள்வது லேசான விஷயம் இல்லை. ஒரு பிற்பகல் போன் அடித்தது. ரவிக்கை ரெடி என்றாள் ஜெயஸ்ரீ. பிறகு தயங்கித் தயங்கி, அக்கா, இந்த ரவிக்கை கைக்குழந்தையோடு வருகிறது, பிறந்து மூன்று மாதம்தான் இருக்கும் என்றாள். வழக்கம் போல ஸ்பீக்கரில்.

தெய்வம்மாவிடம் தொட்டில் கட்டக் கம்பு இல்லை, குழந்தைத் துணி இல்லை. அவளுக்குப் பிள்ளையும் இல்லை. வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். கூப்பிட வாயைத் திறந்தவள் கூப்பிடவில்லை. நேராகச் சின்னம்மை வீட்டுக்கு நடந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரொட்டி வேகிற வாசனை வந்தது. கை மடங்கியது, தயங்கியது, பிறகு தட்டியது.

ஒரு தட்டுத்தான் தட்டியிருப்பாள், கதவு திறந்துவிட்டது. சின்னம்மை ஒரு கையில் சீலைத் தொட்டிலும் மறு கையில் தொட்டில் கம்புமாக நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் புள்ள, கதவுகிட்டயே நிக்கிறேன்" என்றாள். "குட்டி ஆணா பொண்ணா?"